வெள்ளைக் குதிரையில் வந்தவர்

போன மாதம் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "எழுத்தாளரின் மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் அச்சுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெட்டுக்குத்து நிறைந்த கையெழுத்துப் பிரதியைத் திறக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். போகிற போக்கில் வந்த வரி. உதாரணத்துக்கு, மிகுபுனைவு என்னும் மாயக்கதை எழுதிய இங்கிலாந்துக்காரர் டோல்கீனையும், அவருடைய தாள்கள் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் இருப்பதையும் சொல்லியிருந்தேன். அதற்கு ஐந்து கடிதங்கள். பழைய உயர்தர வினாத்தாள்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்ட இருவரும் அடுத்த மாதம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். நம் ஊர்ப் பனங்காட்டில் நடக்கும் மிகுபுனைவு நாவல் ஒன்று எழுதுகிறேன். எழுத்துப் பயிற்சிக் காணொளிகளில் எல்லாரும், முதலில் உலகத்தை முழுதாகக் கட்டி முடி, அப்புறம் கதை எழுது, டோல்கீன் அப்படித்தான் செய்தார் என்கிறார்கள். எட்டு மாதமாக உலகம் கட்டுகிறேன். கதை இரண்டு பக்கம்தான் வந்திருக்கிறது. டோல்கீன் உண்மையிலேயே அப்படித்தான் எழுதினாரா?
(ஒரு வாசகி, கோண்டாவில்)

பதில்: பிள்ளை, எட்டு மாதம் அத்திவாரமே வெட்டிக்கொண்டிருந்தால் மாரிமழைக்கு அது குளமாகிவிடும்.

காணொளிக்காரர்கள் சொல்வதில் பாதி சரி. முதலாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே டோல்கீன் தான் உருவாக்கிய மொழிகளையும் அவற்றைப் பேசுவோரின் பழங்கதைகளையும் எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆனால் 1937 டிசெம்பரில், 'த ஹொபிட்' நன்றாக விற்கிறது, தொடர்ச்சி ஒன்று தாருங்கள் என்று பதிப்பாளர் கேட்டு அவர் எழுத உட்கார்ந்தபோது கையில் கதை என்று ஒன்றும் கிடையாது. அந்தத் தொடர்ச்சிதான் 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகமாக வந்த 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்'. இடையில் நடந்தது நமக்குத் தெரிவதற்குக் காரணம், மனிதர் கடதாசியை எறியாதவர். அவருடைய மகன் கிறிஸ்டோபர் அந்தக் கடதாசிகளை வாசித்து ஒழுங்குபடுத்தி 1983 முதல் 1996 வரை 12 தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1988இல் வந்த ஆறாம் தொகுதியில் இந்தக் கதை பிறக்கத் தொடங்குகிறது.

அதிலிருந்து ஓர் இடம் சொல்கிறேன். ஹொபிட்டுகள் (அவர் கதைகளில் வரும் குள்ள இனத்தார்) வீட்டை விட்டுப் புறப்பட்டு நடந்து போகிறார்கள். பின்னால் குளம்புச் சத்தம். ஓடி ஒளிகிறார்கள். உடலெல்லாம் மூடிப் போர்த்த ஓர் உருவம் கறுப்புக் குதிரையை நிறுத்தி, மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடிக்கிறது. வாசித்தவர்களுக்கு அந்த மோப்பச் சத்தம் மறக்காது. இரவில் நாய் வேலியோரம் மோந்துகொண்டு வந்தால் எனக்கு இன்னும் அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வரும்.

முதல் வரைவில் அந்தக் குதிரை வெள்ளை. மேலே போர்த்து மூடியிருந்தவர் கன்டால்ஃப், நமக்கு வேண்டிய கிழட்டு மந்திரவாதி. அவர் மூக்கை வெளியே விட்டு மோந்து பார்க்கிறார், சற்றுக் காது கொடுக்கிறார், பிறகு சிரித்துக்கொண்டே போர்வையை விலக்குகிறார். பிள்ளைகளுக்கான பகிடி, அவ்வளவுதான். டோல்கீன் அதை அப்படியே நிறுத்திவிட்டு, அதே காட்சியைத் திரும்ப எழுதினார். வெள்ளை கறுப்பாயிற்று. கிழவரைக் காணோம். போர்வை அப்படியே, நிறுத்தம் அப்படியே, மோப்பம் அப்படியே. சிரிப்பு மட்டும் வரவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் யாரும் சிரிக்காததால் பயம் வந்துவிட்டது.

அந்தக் கறுப்பு உருவம் யார், எங்கிருந்து வந்தது, எதைத் தேடுகிறது என்பதொன்றும் அப்போது அவருக்கே தெரியாது. 1938 மார்ச்சில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில், கதை தான் நினைக்காத திருப்பம் ஒன்றை எடுத்துவிட்டது என்று சொல்கிறார். பிறகு நூற்றுக்கணக்கான பக்கங்களைத் தூக்கி நிறுத்திய தூண் அது. அதை நட்டது முன்கூட்டிப் போட்ட திட்டம் அல்ல, பிசகிப்போன ஒரு பகிடி.

இன்னொன்று. பிரீ என்ற ஊரின் மதுச்சாலையில் மூலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரைடர். பின்னால் அரசனாக முடிசூடப் போகிறவன். வரைவில் அவன் பெயர் ட்ரொட்டர். மனிதன்கூட இல்லை, காலில் மரச்சப்பாத்து போட்ட ஒரு ஹொபிட்! மரச்சப்பாத்து ஏன் என்று டோல்கீன் தன்னைத்தானே கேட்டுக் குறிப்பு எழுதுகிறார். எதிரியிடம் பிடிபட்டுக் கால்களில் சித்திரவதை பட்டவனோ? வேறு யாரும் மாறுவேடத்தில் இருக்கிறார்களோ? அவன் மனிதனாக மாறிய பிறகும் ட்ரொட்டர் என்ற பெயர் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருந்தது. 1955இல் கவிஞர் ஓடனுக்கு எழுதிய கடிதத்தில், அந்த மூலையில் இருந்தவனைப் பார்த்துத் தான் அதிர்ந்ததாகவும், அவன் யாரென்று கதாநாயக ஹொபிட்டான ஃப்ரோடோவுக்குத் தெரிந்த அளவுதான் தனக்கும் தெரியும் என்றும் சொல்கிறார். அடக்கத்துக்குச் சொன்னது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். தாள்களைப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த ஃப்ரோடோவே முதலில் பிங்கோ என்ற பெயரில்தான் நடமாடினான்.

காணொளிக்காரர்களுக்கும் நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். வரைபடத்தோடு தொடங்கிக் கதையை அதற்குப் பொருத்தியது புத்திசாலித்தனம் என்று டோல்கீனே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். தூரமும் நாளும் பிசகக்கூடாது என்பதில் மனிதர் நம் சாத்திரிமாரைவிடக் கறார். 1944இல் கதை நடுவில் பார்த்தால், நிலா ஓரிடத்தில் உதிக்கும் அதே நேரத்தில் இன்னோரிடத்தில் மறைகிறது. உட்கார்ந்து அத்தியாயம் அத்தியாயமாக நாட்களைத் திருத்தினார். ஆனால் கவனியுங்கள், திருத்துவதற்கு அவரிடம் அத்தியாயங்கள் இருந்தன.

ஆகவே உங்கள் மூன்றாம் பக்கத்தை இன்றைக்கே எழுதுங்கள். பனங்காட்டுக்குள் யாரோ வருகிறார், யாரென்று தெரியவில்லை என்றால் தெரியாமலே வரட்டும். நீங்கள் வெட்டுவதை ஒற்றைக் கோட்டால் வெட்டுங்கள். கீழே இருக்கும் சொல் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கணினியில் எழுதினால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோப்பைத் திகதிப் பெயரோடு தனியாகச் சேமித்துவையுங்கள்.

கேள்வி: இங்கிலாந்துக்காரர் எழுதிய தாள்கள் அமெரிக்காவுக்கு எப்படிப் போயின? அங்கேயும் நம்மைப்போல அலட்சியமா?
(ஓர் ஆசிரியர், சாவகச்சேரி)

பதில்: அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். மற்றவர்கள் கேட்பதற்கு முன் ஒருவர் கேட்டுவிட்டார். மில்வோக்கி நகரில் மார்க்கெட் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. (பெயரைப் பார்த்துச் சந்தை என்று நினைக்க வேண்டாம், கத்தோலிக்க இயேசு சபையாரின் கல்விக்கூடம்.) அதன் நூலகத் தலைவராக இருந்த வில்லியம் ரெடி, லண்டன் பழம்புத்தக வியாபாரி ஒருவர் மூலம் டோல்கீனிடம் விலை பேசினார். 1957இல் 1,500 பவுணுக்கு விற்பனை முடிந்தது. 'த ஹொபிட்', 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்', இன்னும் இரண்டு சிறு நூல்கள். 'த லோர்ட் ஒவ் த றிங்ஸ்' வந்து இரண்டு மூன்று வருசம்தான் ஆகியிருந்தது. அது உலகப் புகழ் பெறும் என்று அப்போது யாருக்கும் உத்தரவாதம் கிடையாது. ஒரு நூலகர் தன் வேலையைச் சரியாகச் செய்தார் என்றுதான் நான் பார்க்கிறேன். (நானும் நூலகத்தில் 31 வருசம் இருந்தவன். கொஞ்சம் பெருமைப்பட விடுங்கள்.)

எல்லாத் தாளும் அப்போது போகவில்லை. வீட்டில் தங்கிப்போனவற்றைக் கிறிஸ்டோபர் பின்னாளில் அனுப்பிவைத்தார். முன்னே சொன்ன பழங்கதைகளின் தாள்களும் வேறு பலவும் ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. ஒரே மனிதரின் மேசை, இரண்டு கண்டங்களில்.

கேள்வி: மில்வோக்கிக்குப் போக எங்களுக்கு விசாவும் இல்லை, வசதியும் இல்லை. இங்கே இருந்துகொண்டு இதைப் படிக்க வழி உண்டா? நீங்கள் எப்படிப் படித்தீர்கள்?
(ஒரு வாசகர், மானிப்பாய்)

பதில்: தம்பி, நானும் மில்வோக்கியைக் கண்டதில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் அந்த ஆறாம் தொகுதியின் பழைய பிரதி ஒன்றைப் பால்மாப் பெட்டிக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில் வைத்து அனுப்பினான். வாசித்து முடிக்க நான்கு மாதம் பிடித்தது. முதல் தடவை கதைப்புத்தகம் மாதிரி படுத்துக்கொண்டு வாசித்தேன், நாற்பதாம் பக்கத்தில் நித்திரை. அப்படி வாசிக்கிற புத்தகம் அல்ல அது.

பிறகு செய்தது இது. சாப்பாட்டு மேசையில் இடப்பக்கம் அச்சுநூல், வலப்பக்கம் வரைவு. ஒரே ஒரு அத்தியாயம். வரி வரியாக விரல் வைத்துக்கொண்டு போனேன். எது போயிற்று, எது வந்தது என்று பார்ப்பது சுலபம். அதைவிட, எல்லாம் மாறியும் எது மாறாமல் நின்றது என்று பாருங்கள். அந்த மோப்பத்தை நான் அப்படித்தான் பிடித்தேன். கதை தலைகீழாகிறது, மூக்கு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது. மாறாமல் நிற்பது எதுவோ அதுதான் எழுதியவருக்கு முதலில் கண்ணில் பட்டது என்பது என் கணிப்பு.

திகதி போடாத தாள்களை எப்படி வரிசைப்படுத்துகிறார்கள் என்பது தனிச் சுவை. பெயர் ஒரு தடயம். பிங்கோ என்று இருந்தால் முந்தியது, ஃப்ரோடோ என்று இருந்தால் பிந்தியது, பிங்கோவை வெட்டி ஃப்ரோடோ என்று மேலே எழுதியிருந்தால் இரண்டு காலமும் ஒரே தாளில். மை, பேனை, பக்க எண் எல்லாம் சாட்சி. தாளின் பின்புறமும் சாட்சி. டோல்கீன் பேராசிரியர். இரண்டாம் உலகப் போரில் கடதாசித் தட்டுப்பாடு. மாணவர்களின் சோதனை விடைத்தாள்களில் எழுதாமல் விட்ட பக்கங்களில் கதை எழுதினார். 'த ஹொபிட்' கதையின் முதல் வாக்கியமே, திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள் கட்டில் கண்ட வெற்றுப் பக்கத்தில் வந்ததுதான். இன்னொரு கெட்ட பழக்கம், முதலில் பென்சிலால் வேகமாகக் கிறுக்கிவிட்டு அதன் மேலேயே மையால் திருத்தி எழுதுவார். அடியில் இருக்கும் பென்சில் எழுத்தைப் பிடிக்க மகன் பட்ட பாடு பல இடங்களில் தெரிகிறது.

இந்தக் கடதாசித் தட்டுப்பாட்டை நான் வாசித்தபோது, யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லையே என்று நினைத்துக்கொண்டேன். பொருளாதாரத் தடைக்காலத்தில் நம் பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் வரவில்லையா? ஜாம் போத்தல் விளக்கில் அதை வாசிக்கவில்லையா?

கேள்வி: எழுத்தாளர் வேண்டாம் என்று வெட்டியதைத் தோண்டிப் பார்ப்பது, குளியலறைக் கதவிடுக்கால் பார்ப்பது மாதிரி இல்லையா?
(ஒரு வாசகர், பருத்தித்துறை)

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் காரமான உவமை. உங்கள் பக்கம் சாட்சிக்கு ஒருவர் இருக்கிறார். டெரி பிரட்செட் என்ற ஆங்கில மிகுபுனைவு எழுத்தாளர், முடிக்காமல் விட்ட எழுத்தெல்லாம் அழிய வேண்டும் என்று விருப்பம் சொல்லிவிட்டு 2015இல் இறந்தார். 2017 ஓகஸ்டில் அவருடைய கணினியின் வன்தட்டை நிலத்தில் வைத்து நீராவி உருளை ஒன்றை அதன் மேல் ஏற்றினார்கள். நம் ஊரில் தெருவுக்குத் தார் போடும்போது வருமே, அந்த மாதிரி உருளை, அதன் பாட்டன். மனிதர் கேட்டார், செய்தார்கள். சரி. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் டோல்கீன் தன் தாள்களைத் தானே விற்றவர். விற்றவர் கதவைத் திறந்துவிட்டார். ஒன்றும் சொல்லாமல் போனவர்களின் தாள்களை வைத்துக்கொள்வோம், அவசரப்பட்டுக் கொளுத்த வேண்டாம் என்பது என் கட்சி. அச்சிடுவது வேறு, பாதுகாப்பது வேறு. அச்சிடாமல் பூட்டிவைத்தால் பிறகு யோசிக்கலாம். கொளுத்திவிட்டால் யோசிக்க ஒன்றும் இல்லை. 1981இல் இந்த நகரத்தில் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்ததன் சாம்பலைக் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

கேள்வி: நம்மவர்களின் வரைவுகள் ஏன் இப்படிக் கிடைப்பதில்லை? என் அப்பா எழுதிய கதைக் கொப்பிகள் எட்டு, றங்குப்பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் கறையான். என்ன செய்வது?
(ஒரு வாசகி, வேலணை)

பதில்: சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது ஏடுகள் இருந்த நிலையைப் பதிப்புரையில் எழுதினார். எடுத்தால் ஓரம் சொரிகிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது, புரட்டினால் துண்டு துண்டாகப் பறக்கிறது என்று. அந்த ஏடுகளில் இருப்பவை படியெடுத்தவர்களின் பாடபேதங்கள், அதாவது படிக்குப் படி மாறும் சொற்கள். புலவர் முதலில் என்ன எழுதி எதை மாற்றினார் என்பது அங்கே கிடையாது. ஓலையில் வந்து சேர்ந்தது முடிந்த பாட்டு. வரைவைப் பேணுவது நமக்குப் பழக்கமாகாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இடப்பெயர்வு, செல்லடி, கறையான் எல்லாம் இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் என்னைப் போன்ற மடையர்கள்.

என் குஞ்சையா தபாற்கந்தோரில் எழுதுவினைஞர். தடைக்காலத்தில் எங்கள் வாசிகசாலைக் கையெழுத்துச் சஞ்சிகைக்கு மாயக்கதை ஒன்று தொடராக எழுதினார். கிணற்றுக்குள் இறங்கினால் வேறொரு யாழ்ப்பாணம் இருக்கும். அங்கே பனைகள் இராத்திரியில் இடம் மாறி நிற்கும். அவர் வெட்டித் திருத்திய கொப்பிகள் பதினொன்று. 1995 ஒக்டோபரில் எல்லாரும் தென்மராட்சிக்கு ஓடியபோது பெட்டியோடு வீட்டில் விட்டுவிட்டுப் போனோம், திரும்பி வந்தபோது இருந்தன. அதை எல்லாம் தாண்டிய கொப்பிகளை, அவர் இறந்து இரண்டு வருசம் கழித்து, 2003இல் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது நானே பழைய பேப்பரோடு சேர்த்து நிறுத்து விற்றேன். கச்சான் வியாபாரி வாங்கிக்கொண்டு போனார். நல்ல பிரதிதான் இருக்கிறதே, கிறுக்கல் எதற்கு என்று நினைத்தேன். ஒரு நூலகக்காரன் நினைத்தான்!

அந்த நல்ல பிரதியில் கதாநாயகன் இரண்டாம் அத்தியாயத்தில் ஓடிப் போய்ப் பட்டம் பிடிக்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் நொண்டுகிறான். இடையில் ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ ஒரு வரைவில் அவன் காலுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. குஞ்சையா சம்பவத்தை வெட்டிவிட்டு நொண்டலை வெட்ட மறந்திருக்கிறார், அல்லது வேண்டுமென்றே விட்டிருக்கிறார். ட்ரொட்டரின் மரச்சப்பாத்தைப் பற்றி வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் கொப்பிகளை நான் விற்ற அந்த வருச நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வாங்கும் ஒவ்வொரு முறையும் சரையை விரித்து எழுத்தைப் பார்த்தேன். யாரோ ஒரு பிள்ளையின் பின்னக்கணக்குதான் வந்தது.

இப்போது உங்கள் கொப்பிகள். கறையான் பிடித்ததை மற்ற ஏழிலிருந்தும் இன்றைக்கே பிரித்து வேறு அறையில் வையுங்கள். வெயிலில் காயப்போடாதீர்கள், தாள் முறுகிவிடும். பூச்சி மருந்தைத் தாளின் மேல் அடிக்க வேண்டாம். மென்மையான தூரிகையால் மண்ணைத் தட்டினால் போதும். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் மெல்லக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செலோரேப் ஒட்டவே கூடாது, பத்து வருசத்தில் அது பழுப்பாகி எழுத்தையும் தின்னும். தனித்தாள் செருகியிருந்தால் எந்தப் பக்கத்தில் செருகியிருந்ததோ அங்கேயே இருக்கட்டும், பென்சிலால் மூலையில் சிறிதாக எண் போடுங்கள். பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல், நிலத்தில் படாமல், ஒரு வாங்கின் மேல் வையுங்கள். 2005 முதல் நம் எழுத்துகளை மின்வடிவாக்கிவரும் நூலக நிறுவனத்தையும் கேட்டுப் பார்க்கலாம். அதுவரை கைப்பேசியால் பகல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள்.

மட்டையின் உட்புறத்தையும் விட்டுவிடாதீர்கள். கதை எழுதுகிற மனிதர்கள் அங்கேதான் பால் கணக்கும், சீட்டுக் காசும், சைக்கிள் ரியூப் வாங்கிய விலையும் எழுதிவைப்பார்கள். எட்டுக் கொப்பியில் எது முந்தியது என்று கண்டுபிடிக்க அந்த ரியூப் விலை உதவும்.